கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளை நாம் எல்லோரும் அறிவோம். கிதிர்பூர் பக்கம் காலை வேளையில் 'எல்' எழுத்து ஒட்டிய சிறிய கார்கள் தயங்கித் தயங்கிப் போவதைத் தினமும் பார்க்கிறோம். அவற்றின் வேலை லைசென்ஸ் கைக்கு வந்ததும் முடிந்துவிடுகிறது. ஆனால் லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் ஓட்டியவர்களை மறுபடியும் மாணவர்களாக உட்கார வைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. மோட்டார் பந்தயத் தடத்தில், பந்தயம் ஓட்டிப் பழகியவர்களே ஆசிரியர்களாக நின்று, காரின் முழுத் திறனையும் பயன்படுத்தி ஓட்டுவது எப்படி என்று கற்றுத்தரும் பள்ளிகள் அவை.

கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த என் தங்கை மகன், "மாமா, சென்னையில் அப்படி ஒரு வகுப்பு நடக்கிறது, போகலாமா?" என்று கேட்டான். "இருக்கிற வேகம் போதாதா இவனுக்கு?" என்றாள் என் தங்கை. இரண்டும் நியாயமான கேள்விகள். நம் அன்பர்கள் பலருடைய வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும். துணைக்குப் போன நானும் பணம் கட்டி மாணவனாகவே உட்கார்ந்தேன். அங்கே படித்ததையும், தண்டவாளத்தோடு கழிந்த என் உத்தியோக வருடங்களில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய பள்ளிகள் புதியவை அல்ல. இங்கிலாந்தில் ஜிம் ரஸ்ஸல் என்பவர் 1950-களிலேயே தொடங்கிவிட்டார். அமெரிக்காவில் பாப் பாண்டுரன்ட் 1968-ல் தொடங்கிய பள்ளிக்குக் காரணமே ஒரு விபத்துதான். 1967-ல் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் அவருடைய காரின் ஸ்டீயரிங் பாகம் ஒடிந்து, கார் உருண்டது. பலத்த காயத்தோடு படுக்கையில் கிடந்த நாட்களில், இனி ஓட்டுவதைவிடக் கற்றுக்கொடுக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். கோவை நரேன் கார்த்திகேயன் 1977-ல் பிறந்தவர். தகப்பனார் ஜி.ஆர். கார்த்திகேயன் ராலிப் பந்தயத்தில் பெயர் பெற்றவர். வீட்டிலேயே ஆசிரியர் இருக்கும்போது வெளியே போய்ப் படிப்பானேன் என்று நினைக்கவில்லை. 1992-ல், 15 வயதில், பிரான்சில் உள்ள எல்ஃப் வின்ஃபீல்டு பள்ளிக்கு மாணவராகப் போனார். அங்கே நடந்த 'பைலட் எல்ஃப்' போட்டியில் அரையிறுதி வரை வந்தார். அதே பட்டத்தை 1975-ல் வென்ற ஆலன் பிராஸ்ட் பிற்பாடு நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனவர் என்றால் அந்தப் பள்ளியின் தரம் புரியும். நரேன் 1996-ல் பார்முலா ஆசியா சாம்பியன் ஆனார். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். அந்த வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். அன்று ஓடியவை ஆறே கார்கள் என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம். தடத்துக்குத் தங்கள் டயர் தாங்காது என்று தெரிந்து மற்ற 14 கார்களும் புறப்படும் முன்பே விலகிக்கொண்டன. உலகிலேயே தலைசிறந்த ஓட்டுநர்களும் டயர் சரியில்லை என்றால் பேசாமல் ஓரம் கட்டுகிறார்கள்! நம் பாடமும் டயரில்தான் தொடங்குகிறது.

அதற்கு முன் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதையில் பல வருடம் பந்தயங்களை நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்து 1990-ல் திறந்தது. நீளம் சுமார் 3.7 கி.மீ. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த தடத்துக்கு கரிவர்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். மாருதி 800 எஞ்சினை வைத்து உள்நாட்டிலேயே பந்தயக் கார் செய்து, நம் இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் செலவில் பந்தயத்தைக் கொண்டுவந்த கோவைக்காரர் அவர்.

காலையில் முதல் வகுப்பு கரும்பலகை வகுப்பு. ஒரு கார் தரையைத் தொடும் இடம் எவ்வளவு? டயர் ஒன்றுக்கு ஓர் உள்ளங்கை அகலம். ஆக நான்கு உள்ளங்கைகள். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையை ஓட்டுவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாம் இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிமானத்தால்தான். ரயிலில் இரும்பின் மேல் இரும்பு. காய்ந்த தண்டவாளத்தில்கூட உராய்வுக் கெழு 0.25, 0.3 என்ற அளவில்தான் இருக்கும். அதனால்தான் எஞ்சின் சக்கரத்தடியில் மணல் தூவுகிறோம். காய்ந்த தார்ச் சாலையில் ரப்பர் டயருக்கு 0.7-க்குக் குறையாது. மழையில் 0.4-க்கு இறங்கும், வழவழப்பான டயராக இருந்தால் இன்னும் மோசம்.

இந்தப் பிடிமானத்தை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக், திருப்பம், ஆக்ஸிலேட்டர் மூன்றும் அந்த ஒரே சம்பளத்தில் செலவு செய்கின்றன. முழுச் சம்பளத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்பத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்துபோய் நடுவில் பிரேக்கை மிதிப்பவருடைய கார் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காமல் நேராகப் போவதற்குக் காரணம் இதுதான். ஆகவே முதல் நாள் மாணவனுக்குச் சொல்லும் முதல் விதி: நேரான சாலையிலேயே பிரேக்கை முடி, பிறகு திருப்பு.

அடுத்து ஆசனம், கை வைக்கும் முறை முதலியவை. தோள் ஆசனத்தை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங் உச்சியில் பட வேண்டும். பிரேக்கை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தின் ஒன்பது, மூன்று என்ற இடங்களில். கியர் மாற்றும்போது ஒரே காலால் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையாளும் வித்தை ஒன்றும் சொல்லித் தந்தார்கள். இளைஞர்களுக்கு அதில் ஆசை அதிகம். முதல் நாளில் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிறகு தடத்தை நடந்தே பார்க்கச் சொன்னார்கள். வெயிலில் நடப்பதற்கா பணம் கட்டினோம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. புதிய செக்‌ஷனுக்கு வரும் லோகோ பைலட்டை ரயில்வேயில் உடனே ஓட்ட விடுவதில்லை. 'லேர்னிங் ரோடு' என்று, அந்தப் பாதை பழகியவரோடு பகலிலும் இரவிலும் பலமுறை கூடப் போய், சிக்னல் எங்கே, இறக்கம் எங்கே, வளைவு எங்கே என்று மனப்பாடம் செய்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி கைக்கு வரும். நடந்து பார்த்தால்தான் காருக்குள்ளிருந்து தெரியாத சரிவும் மேடும் பள்ளமும் தெரிகின்றன.

பிற்பகலின் பெரும்பகுதி பிரேக் பயிற்சிக்கே போனது. நான் மிகவும் விரும்பிய பாடம் இதுதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்து, குறித்த கோட்டில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். நல்ல தரையில் கார் சுமார் 20 மீட்டரில் நிற்கிறது. நின்ற இடத்தில் ஒரு சிவப்பு கோன் வைக்கிறார்கள். அடுத்து 80 கி.மீ. வேகத்தில் வந்து அதே கோட்டில் அதே பிரேக். கார் 36 மீட்டரில் நிற்கிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப தூரம் கூடும் என்பது பள்ளிப் பாடம், எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் ஆசிரியர் வேறொரு கேள்வி கேட்டார். "முதல் கார் நின்ற அந்தச் சிவப்பு கோனைத் தாண்டும்போது இரண்டாவது கார் என்ன வேகத்தில் போயிருக்கும்?" இருபது என்றார் ஒருவர். "பாதி வேகம் குறைஞ்சிருக்கும், ஒரு முப்பது" என்றான் என் தங்கை மகன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80-ன் வர்க்கம் 6400. 60-ன் வர்க்கம் 3600. மிச்சம் 2800. அதன் வர்க்கமூலம் 53. முதல் கார் அசையாமல் நிற்கும் இடத்தை இரண்டாவது கார் 53 கி.மீ. வேகத்தில் கடக்கிறது. கோனைத் தூக்கிக் காட்டி ஆசிரியர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் சற்று நேரம் பேச்சே இல்லை.

இதில் ஓட்டுநர் அபாயத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுவரும் நேரம் சேரவில்லை. ஒரு விநாடி என்று வைத்தால் 60 கி.மீ. வேகத்தில் 17 மீட்டர் சும்மாவே கழிந்துவிடும். ஈரச் சாலையில் 20 மீட்டர் என்பது 35 ஆகும்.

சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் பயன்படாது. ஏ.பி.எஸ். என்ற அமைப்பு விநாடிக்குப் பல முறை பிரேக்கை விட்டுப் பிடித்துச் சக்கரத்தை உருள வைக்கிறது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய கார்களில் இது கட்டாயம். அது வேலை செய்யும்போது பெடல் கால் அடியில் படபடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. அழுத்திப் பிடித்தபடியே, தடையைச் சுற்றிக் காரைத் திருப்ப வேண்டும். இந்த அதிர்வைக் காலால் ஒருமுறை உணர்ந்து வருவதற்காகவே அந்தப் பயிற்சிக்குப் போகலாம்.

வளைவுப் பாடத்தில் ரயில்வேக்காரருக்குச் சற்று உரிமை உண்டு. நேர்ப் பாதையிலிருந்து வட்டத்துக்குள் ரயில் திடீரென்று நுழைவதில்லை. நடுவில் 'டிரான்சிஷன்' என்ற இடைவளைவு போடுகிறோம். அதில் வளைவும் வெளித் தண்டவாளத்தின் உயரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகின்றன. அது இல்லாவிட்டால் பெட்டி உதறும், பிரயாணி மேல் காப்பி கொட்டும். சாலையில் அந்த இடைவளைவை ஓட்டுநர் தம் கையாலேயே போட வேண்டியிருக்கிறது. ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல், சீராகத் திருப்பி, சீராக விடுவதுதான் அது. வட்டத்தின் ஆரம் இரண்டு மடங்கானால் பத்திரமாகப் போகக்கூடிய வேகம் சுமார் 41 சதவீதம் கூடும். எனவே தடத்தில் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, வளைவின் உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வருகிறார்கள். உள்முனையைச் சற்றுத் தாமதமாகத் தொடச் சொல்கிறார்கள். அப்போதுதான் வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஆக்ஸிலேட்டரை மிதிக்கலாம். கண் எங்கே போகிறதோ அங்கேதான் கையும் போகும் என்பதால், காரின் மூக்கைப் பார்க்காமல் போகவேண்டிய இடத்தைப் பார்க்கப் பழக்குகிறார்கள். பின் சக்கரம் வழுக்கிக் கார் சுழலத் தொடங்கினாலும் இதே விதிதான். தடத்தில் ஓரத்திலிருந்து ஓரம் வரை எல்லாம் நமக்கே சொந்தம். சாலையில் எதிரே ஒருவர் வருகிறார். அந்த வளைவுக் கோட்டைத் தடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

இனி என் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். அவள் பயம் வெறும் தாய் மனப் பயம் அல்ல. நார்வேயில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கி, 1980-களில் அதன் பலனை ஆராய்ந்தார்கள். இளம் ஆண்களிடையே விபத்து குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. சமாளிக்கத் தெரியும் என்ற தைரியம் வந்ததும் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பிறகு ஸ்வீடனில் 1999-ல் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். வழுக்கினால் மீள்வது எப்படி என்பதைவிட, பிடிமானம் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பதை மாணவனே உணரும்படி செய்வது புதிய முறை.

ஆகவே பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் நாளில் பிரேக்குக்கு எத்தனை மணி நேரம்? அரை நாளாவது என்றால் பையனையோ பெண்ணையோ தாராளமாக அனுப்பலாம். வந்தவுடன் சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கடிகாரம் பிடிக்கும் இடமானால், பந்தயம் ஓட்டவே போகிறவர்களுக்கு அது சரி. கார்டன் ரீச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

திரும்பி வந்தபின் தங்கை மகன் டிரெய்லருக்குப் பின்னால் விடும் இடைவெளி கூடியிருக்கிறது. மழை நாளில், சாலையில் பதிந்து கிடக்கும் பழைய டிராம் தண்டவாளத்தின் மேல் போகும்போது பிரேக்கைத் தொடுவதில்லை. என் தங்கை இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஹவுராவிலிருந்து சென்னை மெயில் இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 40 கி.மீ. போனால் இருங்காட்டுக்கோட்டை. சொந்தக் காரில் ஓட்டுவதானால் பிரேக் பேடு, பிரேக் ஆயில், டயர் மூன்றையும் முன்கூட்டியே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மெல்லிய அடியுள்ள ஷூ, பருத்திச் சட்டை, தண்ணீர் பாட்டில் அவசியம். செருப்போடு போனால் காரில் ஏற்றமாட்டார்கள். மே மாதத்தில் போகாதீர்கள். தடத்தில் நடக்கும்போது தார் காலைச் சுடும்.