அலோய் சில்லுகளின் மேற்பூச்சைப் பாதுகாப்போம்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பமொன்றிடம் காணியோ கிணறோ இல்லாதிருக்கலாம். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ இருக்கக்கூடும். கூலி வேலைக்குப் போவதும், மரக்கறி மூடையைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றுவதும், விட்டு வந்த காணியைப் போய்ப் பார்த்து வருவதும் அதிலேதான். அவசரத்துக்கு விற்கக்கூடிய சொத்தும் அதுவே. 2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் இருந்த வாகனத்தைக் காப்பாற்றியவர்களே தப்பிக்கொண்டனர்.

இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்ற நாம் மறப்பதில்லை. சில்லை மட்டும் எவரும் கவனிப்பதில்லை. இன்றைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கம்பிச் சில்லுக்குப் பதிலாக அலோய்ச் சில்லு பூட்டப்பட்டிருக்கின்றது. "அலோய் கறள் பிடிக்காது" என்று சொல்லி அதனை அப்படியே விட்டுவிடுகிறோம். இது பாதி உண்மை மாத்திரமே. மீதிப் பாதியை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. அலோய் என்பது என்ன?

அலோய் என்றால் கலப்புலோகம். வாகனச் சில்லுக்குப் பெரும்பாலும் பாவிக்கப்படுவது அலுமினியத்துடன் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு சிலிக்கனும் மிகச் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த கலவை. ஒரே பருமனுள்ள உருக்கின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்தின் நிறை.

இரும்பில் உண்டாகும் கறள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பையும் காற்றுக்குக் காட்டிவிடும். அலுமினியத்தின் இயல்பு வேறு. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படை உண்டாகி, உள்ளே இருக்கும் உலோகத்தை மூடிக் காக்கின்றது. இப்படைக்கு மூன்று எதிரிகள் உண்டு: உப்பு, கடும் அமிலம், கடும் காரம்.

இதை நமது குசினியிலேயே காணலாம். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை இரவு முழுவதும் வைத்தால் பாத்திரத்தின் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். புளியும் உப்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. கடல் ஓரத்து வீதியில் ஓடும் சில்லுக்கும் இதுவே நடக்கின்றது. அங்கு மெதுவாக நடப்பதால் நாம் காண்பதில்லை.

2. மேற்பூச்சின் படைகள்

தொழிற்சாலையில் சில்லைக் கழுவி, இரசாயனத்தால் பதப்படுத்தி, அடிப்பூச்சும் நிறப்பூச்சும் பூசி, இறுதியில் லக்கர் என்னும் நிறமற்ற பூச்சைப் பூசிச் சூளையில் சூடாக்குவார்கள். இவ்வளவும் சேர்ந்தாலும் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். மினுங்குவதற்காகவே இப்பூச்சு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது சில்லின் தோல். தோல் கிழியாதிருக்கும் வரை உப்பு உள்ளே போகாது.

சில சில்லுகளின் முகப்பைக் கடைந்து வெள்ளி போல மினுங்க வைத்திருப்பார்கள். அந்தப் பகுதியில் நிறப்பூச்சு இல்லை. லக்கர் மாத்திரமே உண்டு. கடைந்த விளிம்புகளிலே லக்கர் மெல்லிதாக நிற்பதால் முதலில் பழுதடைவதும் இவ்வகைச் சில்லே. கரையோரத்தில் வாழ்வோருக்கு முழுவதும் நிறம் பூசிய சில்லு கூடுதலாக உழைக்கும்.

3. பழுது எப்படித் தொடங்குகின்றது?

ஒரு சிறு கல் தெறிக்கின்றது. அல்லது ரயர் கழற்றுபவரின் நெம்புகோல் விளிம்பைக் கீறுகின்றது. அந்தக் கீறலில் உப்பும் ஈரமும் சேர்கின்றன. சில மாதங்களின் பின் லக்கரின் கீழே புழு ஊர்ந்த தடம் போன்ற மெல்லிய வெண்கோடுகள் தோன்றும். பின்னர் பூச்சு குமிழாக எழும்பும். குத்தினால் வெண்தூள் கொட்டும். அலுமினியத்தின் கறள் இதுவே. இந்நிலைக்கு வந்தபின் எவ்வளவு கழுவினாலும் அது நிற்காது.

நமது பகுதிகளில் உப்பு பல வழிகளில் வந்து சேர்கின்றது. ஆனையிறவிலும், மன்னார்த் தாம்போதியிலும், 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்திலும் வீசும் காற்று உப்பைச் சுமந்து வருகின்றது. உவர்நீர்க் கிணற்றில் கழுவினால் நீர் காய்ந்து உப்பு எஞ்சும். பொற்றாசு உரம் ஒருவகை உப்பே. மூடையிலிருந்து சிந்தும் தூள் ஈரத்தை இழுத்துச் சில்லிலே ஒட்டிக்கொள்ளும்.

4. கழுவும் முறை

வாரத்துக்கு ஒருமுறை போதும். உப்புக் காற்றில் நெடுந்தூரம் ஓடினாலோ, உரம் ஏற்றினாலோ அன்றைக்கே கழுவுவது நன்று. தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் முகாம் வாழ்விலும் இது முடியும். மோட்டார் சைக்கிளின் இரண்டு சில்லுக்கும் ஒரு வாளி நல்ல தண்ணீர் போதுமானது.

முதலில் சில்லு ஆறட்டும். பிரேக் பிடித்துச் சூடேறிய சில்லில் சவர்க்கார நீரை ஊற்றினால் அது உடனே காய்ந்து கறையாகும்.

அடுத்து, வெறுந்தண்ணீரால் மண்ணை ஊற விட்டுக் கழுவவேண்டும். மண்ணோடு சேர்த்துத் துடைத்தால் ஒவ்வொரு மணலும் லக்கரைக் கீறும்.

பின்னர் சம்போவோ மென்மையான திரவச் சவர்க்காரமோ சிறிதளவு கலந்த நீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைக்கவேண்டும். சில்லின் உட்புறத்தையும் காற்று வால்வைச் சுற்றியுள்ள இடத்தையும் மறக்கலாகாது. பிரேக்கிலிருந்து விழும் கருந்தூளில் இரும்புத் துணிக்கைகள் உண்டு. அவை பூச்சிலே பதிந்து கறையாகும்.

கடைசி அலசலுக்கு உவர்நீர் வேண்டாம். மழைநீர் இருந்தால் மிகவும் நல்லது. பின்பு துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும்.

இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வாகன மெழுகை மெல்லிதாகப் பூசினால் அழுக்கும் உப்பும் எளிதில் ஒட்டா. மெழுகு பிரேக் தட்டிலும், ரயர் நிலத்தில் படும் பகுதியிலும் படவே கூடாது.

5. பாவிக்கக் கூடாதவை

பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவது நமது வீட்டு வழக்கம். அந்தப் பழக்கத்தில் சில்லுக்கும் அவற்றைப் போடவேண்டாம். புளியும் தேசிக்காயும் அமிலம், சாம்பல் காரம். சாம்பல் உரஞ்சிக் கீறவும் செய்யும். கோஸ்ரிக் சோடா அலுமினியத்தையே கரைத்துவிடும். ஈரச் சீமெந்தும் சுண்ணாம்பும் கடும் காரம். கட்டட வேலைக்குப் போய் வந்தால் தெறித்ததைக் காய முன்னரே கழுவவேண்டும்.

இரும்புக் கம்பித் தும்பினால் உரஞ்சினால் இரும்புத் துகள்கள் பதிந்து கறள் பிடிக்கும். உழவுக் கருவிகளுக்குப் பூசுவதுபோலச் சில்லுக்குக் கழிவு எண்ணெய் பூசுவதும் தவறு. அது ரயரின் இறப்பரைக் கெடுக்கும். பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. கடைகளில் விற்கும் சில்லுத் துப்புரவுத் திரவங்கள் சிலவற்றில் கடும் அமிலம் உண்டு. சிலவற்றில் உள்ள ஐதரோபுளோரிக் அமிலம் தோலூடாக உடலினுள் சென்று பெருந்தீங்கு செய்யும். போத்தலில் எழுதியிருப்பதை வாசித்தறிய முடியாவிட்டால் வாங்காதிருப்பதே நல்லது.

வாகனத்தைத் தறப்பாளால் இறுக மூடி ஈர மண்ணில் மாதக்கணக்கில் நிறுத்துவதும் கேடு. மண்ணிலிருந்து எழும் ஈரம் தறப்பாளுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். பலகை அல்லது கல்லின் மேல் நிறுத்தி, மேலே மட்டும் மறைத்து, பக்கங்களில் காற்றோட விடவேண்டும்.

6. சிறு காயத்துக்கு உடனே மருந்து

கீறலைக் கண்ட கிழமையே திருத்தினால் செலவு குறைவு. இடத்தைக் கழுவிக் காயவைத்து, மெல்லிய எமரிக் கடதாசியால் வெண்தூள் முற்றாக நீங்கும் வரை தேய்க்கவேண்டும். சுற்றியுள்ள பூச்சின் ஓரத்தையும் சரிவாகத் தேய்க்கவேண்டும். தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அன்றைக்கே அலுமினியத்துக்குரிய அடிப்பூச்சைப் பூசவேண்டும். இரும்புக்குப் பூசும் சாதாரண சிவப்பு அடிப்பூச்சு அலுமினியத்தில் சரியாகப் பிடிக்காது. அடிப்பூச்சுக் காய்ந்தபின் நிறப்பூச்சையும், அதன்பின் லக்கரையும் மெல்லிய படைகளாகப் பூசலாம்.

திறந்த பூச்சுப் பேணி விரைவில் கட்டிபட்டுப் போகும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பேணி வீண்செலவு. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, ஒரே நாளில் எல்லோருடைய சில்லுகளையும் திருத்துவது சிக்கனம்.

7. பூச்சினால் மறைக்கக் கூடாதவை

ரயர் பொருந்தும் உள்விளிம்பில் வெண்கறள் ஏறினால், ரியூப் இல்லாத ரயரிலிருந்து காற்று மெல்ல மெல்லக் கசியும். விளிம்பைச் சுற்றிச் சவர்க்கார நீரைப் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ரயரைக் கழற்றி அந்த இடத்தைத் துப்புரவாக்கவேண்டும்.

வெடிப்பு வேறு விடயம். சில்லின் கைகளிலோ நடுப்பகுதியிலோ மயிர் போன்ற வெடிப்பைக் கண்டால் அச்சில்லில் ஓடக்கூடாது. அதனை ஒட்டித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்கவும் வேண்டாம். அலோய்ச் சில்லு வெப்பத்தால் பதப்படுத்திப் பலமூட்டப்பட்டது. ஒட்டும் சூடு அந்தப் பலத்தைக் குறைத்துவிடும். மனைவி பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சில்லு அது.

பழைய வாகனம் வாங்கும்போது புதிதாகப் பூச்சடித்த சில்லைக் கண்டு மகிழாமல், சந்தேகத்தோடு பாருங்கள். பகல் வெளிச்சத்தில் சில்லைச் சுழற்றி நெளிவைப் பாருங்கள். உட்புறத்தையும், கைகள் நடுப்பகுதியோடு சேரும் இடங்களையும் விரலால் தடவுங்கள். பூச்சின் கீழே மேடுபள்ளம் தட்டினால், அதன் காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே விலை பேசுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. நமது இடத்தில் சில்லுக்கு உப்பு எவ்வழிகளில் வந்து சேர்கின்றது? வாகனம் கழுவ நாம் பாவிக்கும் நீர் எத்தகையது?

2. இன்று நம்மிடமுள்ள வாகனங்களின் சில்லுகளைச் சேர்ந்து பார்வையிடுவோம். எத்தனையில் கீறல், எத்தனையில் குமிழ், எத்தனையில் வெடிப்பு?

3. அடிப்பூச்சு, லக்கர், எமரிக் கடதாசி ஆகியவற்றைப் பொதுவாக வாங்கி வைப்பதற்கு யார் பொறுப்பெடுக்கலாம்?