ஓபியை விட்டுவிடாதீர்கள்

மனச்சிதைவு நோயின் மரபணு ஆய்வுக்கு வர ஆசைப்படும் எம்.டி. மாணவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது ஆய்வகத்தைத்தான். நானோ அவர்களை ஓபிக்கு அனுப்பி, ஒரு குடும்பத்தின் வம்சாவளிப் படம் வரைந்து வரச் சொல்வேன்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. கேட்டு வாங்குவதுதான் பாடு. "குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் உண்டா?" என்றால், "அப்படியெல்லாம் யாருக்கும் இல்லீங்க டாக்டர்" என்று முடித்துவிடுவார்கள். "வீட்டை விட்டுப் போனவர் உண்டா? வருஷக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தவர்?" என்று கேளுங்கள். "பெரிய மாமா சாமியாராப் போயிட்டாரு" என்று மெல்ல வரும். (சாமியாராகப் போனவரெல்லாம் நோயாளி அல்ல; மேலும் துருவ வேண்டும்.) பாட்டி வந்திருந்தால் தனியே உட்காரவைத்துப் பேசுங்கள். மருமகள் எதிரில் வாய் திறக்க மாட்டார். அக்காள் மகளைக் கட்டிய குடும்பமென்றால் இரட்டைக் கோடு போட வேண்டும். இரண்டு தலைமுறைக்குள் தாள் சிலந்தி வலையாகிவிடும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. ஒற்றை மரபணுவைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை போய்விட்டது. 2014-இல் 'நேச்சர்' இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு, சுமார் 37 ஆயிரம் நோயாளிகளின் மாதிரிகளைக் கொண்டு மரபணுத் தொகுதியில் 108 இடங்களை அடையாளம் காட்டியது. 2022-இல் அது 287 ஆனது. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். நோயைத் தவறாகக் கணித்திருந்தால் அந்தத் துளியும் தெரியாது. மாதிரிகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால் அந்தக் கணக்கு நம்மவர்களுக்கு அப்படியே பொருந்துவதுமில்லை.

இத்தகைய கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே உங்கள் பெயர் இருக்கும். பதவி உயர்வுக் குழுவோ முதல் பெயர் யாருடையது என்று பார்க்கும். கூடவே சிறிய ஆய்வு ஒன்றைச் சொந்தமாக நடத்திக்கொண்டிருங்கள்.

ரத்தம் கொடுத்த குடும்பம் கட்டாயம் கேட்கும்: "அப்பாவுக்கு இருக்கே, பையனுக்கும் வருமா?" பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வரலாம். நான் "பத்தில் ஒன்பது பேருக்கு வராது" என்றே ஆரம்பிப்பேன். பெண் பார்க்கும் நேரத்தில் "ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா?" என்றும் வருவார்கள். இந்த நோய் வருமா வராதா என்று அறுதியிட்டுச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. அதை மழுப்பாமல் சொல்லத் துணிவிருந்தால் வாருங்கள், இங்கே ஆள் போதவில்லை.