வேளாண்மைப் பட்டப் படிப்பு: பள்ளியை மாற்றுமுன் கவனிக்க

பண்பொழியில் அடவிநயினார் அணைப் பாசனத்தில் நெல் பயிரிடுவோரின் பிள்ளைகள் வேளாண்மைப் பட்டம் பெறக் கோவைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 1971-ல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் கல்லூரி ஒன்று, நெல்லைக்குக் கிழக்கே வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்திலும் உள்ளது.

பி.எஸ்சி. வேளாண்மை 4 ஆண்டுப் படிப்பு. நாற்றங்கால் முதல் அறுவடை வரை மாணவர்களே வயலில் இறங்கிச் செய்ய வேண்டும். சேறு கண்டு கூசும் நகரத்துப் பிள்ளைகள் முதலில் திணறுவர். உழவர் வீட்டுப் பிள்ளைக்கோ குருத்துப்பூச்சியைத் தெரியும். அதன் லத்தீன் பெயரை மனப்பாடம் செய்வதுதான் பாடு! இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி, உழவர்களுடன் பழகிப் பயிற்சி பெறுகின்றனர்.

பிளஸ் 2 மதிப்பெண் தரவரிசைப்படி இடம் கிடைக்கும். எனவே இயற்பியல், வேதியியலுடன் உயிரியலும் உள்ள பிரிவை 11-ம் வகுப்பிலேயே எடுப்பது நல்லது. வேளாண் தொழிற்பிரிவு மாணவர்களுக்கும் தனி இடங்கள் உண்டு.

2021-ம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்ததும், கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் பலர். அப்படி மாற்றினால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது.