வில்லைத் திரளும் நுங்கம்பாக்கத்து இரவுகளும்

கண்ணாடிக் கடையில் நாம் கேட்டு வாங்கும் 'லென்ஸ்' என்னும் சொல் இலத்தீனில் மைசூர்ப் பருப்பைக் குறிப்பதாகும். இருபுறமும் புடைத்து ஓரம் மெலிந்த அப்பருப்பின் வடிவில் அமைந்த விண்மீன் திரள்களை வில்லைவடிவத் திரள்கள் என்பர் வானியலார். நம் பால்வீதிக்குரிய சுருள் கைகள் இவற்றுக்கு இல்லை. புதிய விண்மீன்கள் பிறத்தற்கு வேண்டிய வளிமமும் குறைவு. ஆதலின் இவற்றிலுள்ளவை பெரும்பாலும் முதிய விண்மீன்களே.

தெற்கு வானில் ரெட்டிகுலம் என்னும் சிறு விண்மீன் குழுவில் இத்தகைய திரள் ஒன்று உண்டு. என்.ஜி.சி. 1543 என்பது அதன் பட்டியற் பெயர். தொலைவு ஏறத்தாழ ஆறு கோடி ஒளியாண்டு. 1826இல் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் அதைக் கண்டார். அவர் கண்டது மங்கிய ஒளித்திட்டு மட்டுமே. 964ஆம் ஆண்டளவில் பாரசீக வானியலறிஞர் அல்-சூஃபி ஆண்ட்ரோமெடாவைச் 'சிறு மேகம்' எனக் குறித்ததும் அவ்வாறே. அவை நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனித் திரள்கள் என்பதை 1924இல் ஹப்பிளின் ஆய்வுதான் நிறுவியது. கண்ட காலம் வேறு, கண்டது இன்னதென அறிந்த காலம் வேறு.

இதே ரெட்டிகுலத்தில்தான் நம் சென்னையும் ஒரு கண்டுபிடிப்பை நிகழ்த்தியுள்ளது. நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தில் போக்சனின் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் ஒளிமாறு விண்மீனைக் கண்டறிந்தார். அஃது ஏறத்தாழ 278 நாளுக்கொரு முறை பொலிந்து மங்குவது. ஒருநாள் நோக்கில் அகப்படாது. அண்டை விண்மீன்களோடு பல இரவுகள் ஒப்பிட்டாலன்றி மாற்றம் புலப்படாது. அதிலும் சென்னையில் அது உச்சம் எய்தும்போதும் அடிவானிலிருந்து 14 பாகை அளவே உயரும். அக்காலத்தில் தென்புறம் ஏரி பரந்திருந்தது. தியாகராய நகரின் விளக்குகள் இல்லை. இன்று பாண்டி பசாரில் நின்று அதைத் தேடுவார் ஏமாறுவர்!

இரகுநாதாச்சாரி 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்கள் அதை விளங்கிக்கொள்ள அவர் எழுதிய நூல் ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் உருதுவிலும் வெளிவந்தது. 1880இல் மறைந்தார். நம் வகுப்பில் ஹப்பிளை அறிந்த மாணவர் பலர்; இவர் பெயரைக் கேட்டபோது ஒருவரும் வாய்திறக்கவில்லை. நாமும் நாற்பதைக் கடந்த பின்னரே அறிந்தோம் என்பதால் அவர்களைக் கடிந்துகொள்ள இயலவில்லை. கருவி தாங்குவதற்காக 1792இல் நட்ட கருங்கல் தூண், நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் தமிழ் எழுத்துகளோடு இன்றும் நிற்கிறது. அடுத்த பருவத்தில் மாணவரை அங்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம்.