சாவித்திரி கேட்ட வரங்கள்



மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காரடையான் நோன்பு நோற்று, காரடையும் வெண்ணெயும் நிவேதனம் செய்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் பெண்மணிகள் ஆண்டுதோறும் சாவித்திரியை நினைக்கிறார்கள். ஆனால் கதை சொல்லும்போது நம்மில் பலர், சாவித்திரி சாமர்த்தியமாக ஒரு வரம் கேட்டு எமனை ஏமாற்றிவிட்டாள் என்று முடித்துவிடுகிறோம். வியாச பாரதத்தில் கதை அப்படி இல்லை. அங்கே எமதருமன் ஏமாறவில்லை, மகிழ்ந்து கொடுக்கிறான். அவன் ஏன் கொடுத்தான் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

ஒரு முறை சொன்ன சொல்

இக்கதை வனபர்வத்தில் வருகிறது. காட்டில் திரௌபதி படும் துன்பத்தை எண்ணி வருந்திய தருமர், இவளைப் போன்ற உத்தமி முன்பு எவரேனும் இருந்ததுண்டா என்று மார்க்கண்டேய முனிவரைக் கேட்கிறார். அதற்கு விடையாக முனிவர் சொன்னதே சாவித்திரி சரிதம்.

மத்ர தேசத்து மன்னன் அசுவபதிக்குப் பிள்ளையில்லை. 18 ஆண்டுகள் நோன்பிருந்து சாவித்திரி தேவியை வழிபட்டு ஒரு மகளைப் பெற்றான். தேவியின் பெயரையே அவளுக்கும் இட்டான். அவளுடைய தேஜஸைக் கண்டு எந்த அரசகுமாரனும் பெண் கேட்க முன்வரவில்லை. ஆகவே தந்தை, "நீயே உனக்கேற்ற கணவனைத் தேடி வா அம்மா" என்று அனுப்பினான். முதிய அமைச்சர்களோடு தவவனங்கள் தோறும் சென்ற அவள், சத்தியவானைத் தேர்ந்து திரும்பினாள். அவன் சால்வ நாட்டு மன்னன் துயுமத்சேனனின் மகன். கண் பார்வையையும் நாட்டையும் இழந்த அம்மன்னன் மனைவி மகனோடு காட்டில் வாழ்ந்து வந்தான்.

அப்போது அங்கிருந்த நாரதர், சத்தியவான் எல்லா நற்குணங்களும் உடையவன், ஆயினும் இன்றிலிருந்து ஓராண்டில் அவன் ஆயுள் முடியும் என்றார். வேறொருவனைத் தேர்ந்தெடு என்றான் தந்தை. சாவித்திரி சம்மதிக்கவில்லை. சொத்தில் பங்கு விழுவது ஒரு முறை, கன்னியைத் தருவது ஒரு முறை, 'கொடுத்தேன்' என்று சொல்வதும் ஒரு முறைதான் என்பது அவள் தந்த பதில்.

எதுவும் கேளாத ஓராண்டு

திருமணமானதும் அரசகுமாரி தன் ஆபரணங்களைக் கழற்றி வைத்துவிட்டு மரவுரியும் காவியும் தரித்தாள். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்தாள். நாரதர் சொன்னதைக் கணவனிடம் கூடச் சொல்லாமல் தன் மனத்திலேயே சுமந்தாள். நாள் நெருங்கியதும் மூன்று இரவுகள் உபவாச விரதம் காத்தாள்.

குறித்த நாளில் விறகு வெட்டப் புறப்பட்ட சத்தியவானோடு தானும் போக அனுமதி கேட்டாள். அப்போது துயுமத்சேனன், இந்தப் பெண் நம் வீட்டுக்கு மருமகளாய் வந்த நாள் முதல் எதையும் கேட்டதாக நினைவில்லை என்று சொல்லி விடை கொடுத்தான். அன்றுதான் முதன் முறையாகக் கேட்டாள். அதுவும் கணவனோடு இருப்பதற்காக.

எமனோடு நடந்த உரையாடல்

காட்டில் தலைநோவால் வருந்திய சத்தியவான் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தான். செந்நிற ஆடையும் கையில் பாசக்கயிறுமாக வந்த எமன், அவன் உயிரைக் கட்டித் தெற்கு நோக்கி நடந்தான். சாவித்திரி பின்தொடர்ந்தாள். அவள் அழுது புலம்பவில்லை, சபிக்கவுமில்லை. தருமம் பேசினாள். ஏழடி சேர்ந்து நடந்தவர் நண்பராவர் என்றாள். நல்லோர் நட்பு வீண் போகாது என்றாள். மனம், வாக்கு, காயத்தால் எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமையும், கருணையும், கொடையும் சான்றோர் அறம் என்றாள்.

அவளுடைய சொற்களின் ஒலியும் எழுத்தும் பொருளும் எமனுக்கு இனித்தன. சத்தியவானின் உயிர் நீங்கலாக எது வேண்டுமானாலும் கேள் என்றான். அவள் கேட்ட வரங்களின் வரிசையைக் கவனியுங்கள்.

1. மாமனாருக்குக் கண் பார்வையும் வலிமையும்.
2. மாமனார் இழந்த நாடு.
3. ஆண் மகவு இல்லாத தன் தந்தைக்கு நூறு புதல்வர்கள்.
4. தனக்கும் சத்தியவானுக்கும் நூறு புதல்வர்கள்.

இதன் பிறகும் அவள் திரும்பவில்லை. நல்லோர் பிறர்க்கு உதவும்போது கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை என்று சொன்னாள். எமன் உள்ளம் நெகிழ்ந்து, இணையற்ற வரம் ஒன்றைக் கேள் என்றான். முதல் நான்கு முறையும் போட்ட நிபந்தனையை இம்முறை அவன் போடவில்லை. அதைச் சுட்டிக்காட்டித்தான் ஐந்தாவதாகக் கணவனின் உயிரைக் கேட்டாள். எமன் மகிழ்ந்து பாசத்தை அவிழ்த்தான். சத்தியவானுக்கு 400 ஆண்டு ஆயுளும் தந்தான்.

நமக்கு உரிய பாடம்

ஓராண்டு முழுவதும் எதுவும் கேளாதவள், கேட்கும் வாய்ப்பு வந்தபோது முதலில் மாமனாரை நினைத்தாள். பிறகு தன் தந்தையை நினைத்தாள். தன் வாழ்வே பறிபோகும் நேரத்திலும் தன் தேவையைக் கடைசியில்தான் வைத்தாள். கைம்மாறு கருதாத கொடையைப் பற்றிப் பேசிய பிறகே அவளுக்குக் கிடைத்தற்கரியது கிடைத்தது. இது தந்திரமன்று, தகுதி.

நாமும் சந்நிதியில் நின்று அர்ச்சனைச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுக்கிறோம். நம் குடும்பத்துக்காக வேண்டுவதில் குற்றமில்லை. ஆயினும் நோயுற்ற அண்டை வீட்டார், தனித்து வாழும் முதியவர், கல்விக் கட்டணத்துக்குத் தவிக்கும் பிள்ளை ஆகியோரில் ஒருவருக்காகவாவது முதலில் வேண்டிக்கொண்டு, பிறகு நம் குறையைச் சொன்னால் என்ன?

உபயம் ஏற்பதும் திருப்பணிக்கு நிதி தருவதும் இப்படித்தான். 'தருகிறேன்' என்று சந்நிதியில் சொன்ன சொல் ஒரு முறை சொன்ன சொல்லாக நிற்கவேண்டும். நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிப்பது கோயிலின் நன்றிக்கடன். அதைச் செய்வது எங்கள் கடமை. ஆனால் அந்தக் கல் இல்லாவிட்டாலும் கொடுத்திருப்போம் என்ற மனநிலையே கொடையைப் புண்ணியமாக்குகிறது.

அடுத்த முறை பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது, எமனை ஏமாற்றியவள் என்று சொல்லாமல், எமனே மகிழ்ந்து கொடுக்கும்படி வாழ்ந்தவள் என்று சொல்லிக் கொடுப்போம். கேட்பதிலும் கொடுப்பதிலும் சாவித்திரியின் மனம் நமக்கு வாய்க்க, அன்னை பராசக்தி அருள் புரிவாளாக.