வீட்டில் வளரும் ஆடு ஓர் அமானிதம்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு கிடாக்களின் சப்தம் கேட்கத் தொடங்கிவிடும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கப்பட்டவை, தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் முற்றங்களில் கட்டப்படுகின்றன. கரிய மேனியும் முகத்தில் இரு கோடுகளும் உடையது கன்னி ஆடு. வெண்மேனியில் கருப்பு அல்லது செந்நிறத் திட்டுகளுடன் உயர்ந்து நிற்பது கொடி ஆடு. இரண்டும் நம் மாவட்டத்துக் கரிசல் சீமையில் முள்ளும் தழையும் மேய்ந்து வளர்ந்தவை.

அத்தகைய ஆட்டுக்கு நாம் பிரியத்தோடு செய்யும் முதல் தவறு, சோறு வைப்பது. மீந்த சோறு, கஞ்சி, அரிசி ஆகியவற்றை வயிறு நிறையத் தின்றால் இரைப்பையில் அமிலம் பெருகும். ஆடு அசை போடுவதை நிறுத்திவிடும், வயிறு உப்பும், கழியும், ஓரிரு நாளில் இறந்தும் போகும். பிள்ளைகள் அன்பு மிகுதியால் ஊட்டுவதே அதற்கு நஞ்சாகிவிடுகிறது! அசை போடாத ஆட்டைக் கண்டால் தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

இனி, செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

1. உணவு: அகத்தி, வேம்பு, பூவரசு முதலிய தழைகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். தரையில் மிதிபட்டதை ஆடு தின்னாது. தானியமோ தவிடோ கொடுப்பதாயின் சிறிதளவில் தொடங்கிப் பல நாட்களில் பழக்க வேண்டும். சுத்தமான தண்ணீர் எந்நேரமும் இருத்தல் அவசியம். தெருவில் அவிழ்த்துவிட்டால் பிளாஸ்டிக் பைகளை விழுங்கிவிடும்.

2. இடம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தரையில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். பலகையடித்த மேடும் கூரையும் வேண்டும். கோடையில் நிழல் வேண்டும்.

3. நோய்: புதிய ஆட்டை இரண்டு மூன்று வாரம் மற்ற ஆடுகளிடமிருந்து ஒதுக்கிக் கட்டுக. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி உண்டு. குடற்புழு மருந்தையும் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும்.

இதில் மார்க்கம் எங்கே வருகிறது என்று சிலர் கேட்கலாம். குருடு, வெளிப்படையான நோய், நொண்டி, எலும்பும் தோலுமான மெலிவு ஆகிய குறைகள் உள்ள பிராணி குர்பானிக்கு ஆகாது என்பதை நாம் அறிவோம். நல்ல ஆட்டை வாங்கி, நம் அசட்டையால் அதைக் குறையுள்ளதாக்கிவிட்டால் என்ன பயன்? இந்த ஆட்டைக் குர்பானி கொடுப்பேன் என்று நேர்ச்சை செய்துவிட்டு, நம் கவனக்குறைவால் அது இறந்துபோனால், வேறு ஆடு கொடுத்து ஈடு செய்வது கடமை என்று ஷாபிஈ மத்ஹபின் சட்டம் கூறுகிறது.

பூனையொன்றை அடைத்துப் பட்டினி போட்ட பெண் அதன் காரணமாகவே வேதனைக்குள்ளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அவர்களும் மக்காவில் ஆடு மேய்த்தவர்களே. அறுக்கும் பிராணியின் கண்முன் கத்தி தீட்டுவதையும் அவர்கள் கண்டித்தார்கள். எனவே பெருநாளன்று காட்டும் பரிவு போதாது. ஆடு நம் வாசலுக்கு வந்த நாள் முதலே அது தொடங்க வேண்டும்.

வாயில்லா ஜீவனின் ஹக்கைப் பேணும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.