செயற்கை நுண்ணறிவும் இடைநிலைப் பள்ளி மாணவரும்
– இணையவழிப் பாடத்திட்டங்கள் பற்றிய ஓர் ஆய்வு –

முன்னுரை

கல்வி, காலந்தோறும் தோன்றும் புதிய கருவிகளை ஏற்றுக்கொண்டு வளர்ந்து வருவதாகும். ஓலைச்சுவடி அச்சு நூலுக்கு இடந்தந்தது. கரும்பலகைக்கு அருகே கணினித் திரை வந்து சேர்ந்தது. இன்று அத்திரையின் பின்னே, கேட்ட வினாவிற்கு விடையிறுக்கவும், படம் வரையவும், முகம் கண்டு பெயர் கூறவும் வல்ல செயற்கை நுண்ணறிவு நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ‘சாட்ஜிபிடி’ பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தபின், வீட்டுப்பாடத்திற்கு விடை தேடும் சிறுவர்களும் இக்கருவியை நாடத் தொடங்கிவிட்டனர்.

இந்நிலையில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்க்குச் செயற்கை நுண்ணறிவைப் பற்றி எதனைக் கற்பிப்பது என்னும் வினா எழுகின்றது. கருவியைத் திறம்பட ஏவக் கற்பித்தால் போதுமா? அது தரும் விடையைச் சீர்தூக்கிப் பார்க்கவும் கற்பிக்க வேண்டுமா? அமெரிக்க நாட்டில் இம்மாணவர்க்கென உருவாக்கப்பெற்ற பாடத்திட்டங்கள் சிலவற்றின் வழி இவ்வினாவிற்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விதியும் எடுத்துக்காட்டும்

பாடத்திட்டங்களை ஆராயுமுன் அவை கற்பிக்கும் பொருளின் அடிப்படையை அறிதல் வேண்டும். பழைய முறையில் கணினிக்கு மனிதர் விதிகளை எழுதித் தந்தனர். கணினி அவ்விதிகளின்படி இயங்கியது. இயந்திரக் கற்றல் என்னும் முறையிலோ, மனிதர் எடுத்துக்காட்டுகளைத் தருகின்றனர். அவற்றினின்று பொது இயல்பைக் கணினி தானே வருவித்துக்கொள்கின்றது.

இவ்வேறுபாட்டைச் சிறுவர்க்கு உணர்த்தும் எளிய பயிற்சி ஒன்று, டேல் லேன் என்பார் 2017ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘மெஷின் லேர்னிங் ஃபார் கிட்ஸ்’ என்னும் இணையத்தளத்தில் உள்ளது. திரையில் ஒரு வகுப்பறை. அதில் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. ‘விளக்கைப் போடு’ என்று எழுதினால் விளக்கு எரியுமாறு மாணவர் முதலில் ஒரு விதி அமைக்கின்றனர். ‘இருட்டாக இருக்கிறது’ என்று எழுதினால் விளக்கு எரிவதில்லை. மனிதர் ஒரு கருத்தை எத்தனை வகையாகச் சொல்வர் என்பதை விதிகளால் வரையறுத்தல் அரிது என்பதை மாணவர் உணர்கின்றனர். பின்னர்ப் பல்வேறு தொடர்களை எடுத்துக்காட்டாகத் தந்து கணினியைப் பயிற்றுகின்றனர். தாம் முன்பு தராத தொடரையும் அது பெரும்பாலும் புரிந்துகொள்வதைக் காண்கின்றனர். ‘பெரும்பாலும்’ என்னும் இச்சொல் இன்றியமையாதது. எடுத்துக்காட்டால் கற்கும் இயந்திரம் தவறவும் கூடும் என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது.

2. முன்னோடி முயற்சிகள்

சிறுவரைக் கணினியின் ஆசிரியராக்கும் எண்ணம் புதிதன்று. 1967ஆம் ஆண்டில் சேமூர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் பங்கேற்று உருவாக்கிய ‘லோகோ’ என்னும் கணினி மொழி இவ்வெண்ணத்தின் தொடக்கமாகும். கணினி குழந்தையை இயக்கும் நிலை மாறி, குழந்தை கணினியை இயக்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் கொள்கை. அதன் வழித்தோன்றலாக 2007ஆம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ‘ஸ்கிராட்ச்’ என்னும் மொழியை வெளியிட்டது.

2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயற்கை நுண்ணறிவு வல்லுநர் கழகமும் கணினி அறிவியல் ஆசிரியர் சங்கமும் இணைந்து, பள்ளி மாணவர் இத்துறையில் அறிய வேண்டுவனவற்றை வரையறுக்கும் பணியை மேற்கொண்டன. புலன்வழி அறிதல், அறிவைக் குறியீடுகளாக அமைத்து அதன்வழி ஆராய்தல், கற்றல், மனிதரோடு இயல்பாகப் பழகுதல், சமுதாய விளைவு என ஐந்து பெருங்கருத்துகள் வகுக்கப்பெற்றன. ஐந்தாவது கருத்து ஏனைய நான்கோடும் சமநிலை பெற்றிருப்பது ஈண்டு எண்ணத்தக்கது.

3. 2020ஆம் ஆண்டின் இணையவழிப் பயிலரங்கு

இக்கருத்துகளுக்குச் செயல்வடிவம் தந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஐரீன் லீ முதலிய ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு கோடையில் நடத்திய பயிலரங்காகும். கொரோனா தொற்றுக் காலமாதலின் அது முழுமையும் இணையவழி நேரலையாக நடைபெற்றது. பாடத்தின் அளவு 30 மணி நேரம். பங்கேற்றோர் 10 முதல் 14 வயது வரையிலான மாணவர். அவர்களுள் 87 விழுக்காட்டினர், கணினித் துறையிலும் அறிவியல் துறைகளிலும் குறைந்த அளவே இடம்பெற்றுள்ள மக்கட்பிரிவினரைச் சேர்ந்தோர் ஆவர்.

இப்பாடத்திட்டம் மூன்று இழைகளால் நெய்யப்பெற்றது. முதல் இழை தொழில்நுட்பக் கருத்து. இரண்டாம் இழை அறவியல். மூன்றாம் இழை எதிர்காலத் தொழில் வாய்ப்பு. பாடம் முடிந்தபின் அறிவுரையாக அறவியலைச் சேர்க்கும் வழக்கத்தை ஆய்வாளர்கள் கைக்கொள்ளவில்லை. தொழில்நுட்பக் கருத்து எங்கே தோன்றுகிறதோ அங்கேயே அதன் நன்மை தீமை பற்றிய வினாவும் எழுப்பப்பெறுகின்றது. இம்முறையின் சிறப்பை இத்தகைய பாடங்களில் இடம்பெறும் பயிற்சிகள் சிலவற்றால் அறியலாம்.

4. சிறந்தது எது?

கணினி ஒரு பணியைச் செய்வதற்கான படிப்படியான செயல்முறையைப் ‘படிமுறை’ என்பர். 2019ஆம் ஆண்டில் அதே கழகத்தைச் சேர்ந்த பிளேக்லி பெயின் இடைநிலை மாணவர்க்கென வெளியிட்ட அறவியல் பாடத்திட்டத்தில் ஒரு பயிற்சி உள்ளது. நிலக்கடலை வெண்ணெயும் பழப்பாகும் தடவிய மிகச் சிறந்த ரொட்டித் துண்டைச் செய்வதற்குரிய படிமுறையை மாணவர் எழுத வேண்டும்.

எழுதி முடித்தபின் ஆசிரியர் வினவுகின்றார்: ‘சிறந்தது’ என்பதற்கு என்ன பொருள் கொண்டீர்கள்? சுவை மிக்கதையா, உடலுக்கு நலந்தருவதையா, விரைவில் செய்யக்கூடியதையா, அழகாகத் தோன்றுவதையா? ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு பொருள் கொண்டிருப்பது அப்போது வெளிப்படுகின்றது. உண்ணும் சிறுவர் விரும்புவது ஒன்று. பெற்றோர் விரும்புவது மற்றொன்று. மருத்துவர் நோக்கு வேறு. விற்போர் நோக்கு வேறு. யாருடைய விருப்பம் படிமுறைக்குள் இடம்பெற்றது என்பதை மாணவர் கட்டங்கள் வரைந்து ஆராய்கின்றனர்.

கணினி கணக்கிட்டுத் தருவதெல்லாம் நடுநிலையானது என்னும் நம்பிக்கை இப்பயிற்சியால் தளர்கின்றது. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் எதனை நோக்கிக் கணக்கிடுவது என்பதை முடிவு செய்தவர் ஒரு மனிதர். காணொளித் தளம் ஒன்று ‘உங்களுக்காக’ எனப் பரிந்துரைக்கும்போது, அப்பரிந்துரையால் பயன்பெறுவோர் யாவர் என்று வினவும் திறனை, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒரு ரொட்டித் துண்டின் வழியே பெற்றுவிடுகின்றான்.

5. தரவும் சார்பும்

மற்றொரு பயிற்சி பூனைகளையும் நாய்களையும் பற்றியது. கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டீச்சபிள் மெஷின்’ என்னும் இணையவழிக் கருவி இதற்குப் பயன்படுகின்றது. மாணவர்க்குத் தரப்படும் படத்தொகுதியில் பூனைப் படங்கள் மிகுதி; நாய்ப் படங்கள் குறைவு. அத்தொகுதியால் பயிற்றப்பெற்ற இயந்திரம் பூனைகளை நன்கு அறிகின்றது. நாய்களை அறிவதில் தடுமாறுகின்றது. அதன்பின் மாணவர் நாய்ப் படங்களைப் பல்வகையாகச் சேர்த்து இயந்திரத்தை மீண்டும் பயிற்றித் திருத்துகின்றனர்.

விளையாட்டாகத் தொடங்கும் இப்பாடம் இவ்விடத்தில் ஆழம் பெறுகின்றது. 2018ஆம் ஆண்டில் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா எனக் கூறும் மூன்று வணிகக் கருவிகள் அதில் சோதிக்கப்பெற்றன. வெளிர்நிற ஆண்களின் முகங்களில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களின் முகங்களிலோ அது 34.7 விழுக்காடு வரை உயர்ந்தது. எடுத்துக்காட்டுகளில் எவர் குறைவாக இடம்பெறுகின்றனரோ, அவரைப் பற்றிய முடிவுகளில் இயந்திரம் மிகுதியாகத் தவறக் கூடும். நாய்ப் படங்களில் கண்ட குறை மனித முகங்களிலும் இருத்தல் கூடும் என்பதைத் தம் கையாலேயே செய்து பார்த்த மாணவர், அதனை எளிதில் மறவார்.

இவ்விடத்தில் பவணந்தி முனிவரின் நன்னூல் நினைவிற்கு வருகின்றது. அந்நூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்துகின்றது. அன்னத்தையும் பசுவையும் முதல் மாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடை மாணாக்கர்க்கும் உவமையாக்குகின்றது. கடை மாணாக்கர்க்குக் கூறப்பெறும் உவமைகளுள் ஒன்று நெய்யரி. அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது. தேர்ந்தெடுக்கப்படாத எடுத்துக்காட்டுகளால் பயிற்றப்பெறும் இயந்திரமும் அவற்றிலுள்ள கசடைத் தன்னுள் தேக்கிக்கொள்கின்றது. ஆதலின் அதனைக் கையாளும் மாணவர், பாலையும் நீரையும் பிரித்துணரும் அன்னமாதல் வேண்டும் எனலாம்.

6. போலியை அறியும் திறன்

மேற்கூறிய கோடைப் பயிலரங்கில், இல்லாத ஒன்றை இருப்பது போல் உருவாக்கும் நுட்பமும் கற்பிக்கப்பெற்றது. இதற்குரிய முறைகளுள் ஒன்றில் இரண்டு கணினி வலையமைப்புகள் எதிரெதிரே இயங்குகின்றன. ஒன்று போலிப் படத்தை உருவாக்குகின்றது. மற்றொன்று அது மெய்யா பொய்யா எனச் சோதிக்கின்றது. சோதிப்பது தேறத் தேற, உருவாக்குவதும் தேறுகின்றது. மனித முகம் போன்றே தோன்றும், ஆனால் எம்மனிதருக்கும் உரியதல்லாத முகங்கள் இவ்வாறே பிறந்தன.

இதனை அறிந்த மாணவர்க்கு, கண்ணால் கண்டது மெய் என்னும் துணிவு குறைகின்றது. படம் எங்கிருந்து வந்தது, யார் வெளியிட்டார், எதற்காக வெளியிட்டார் என்னும் வினாக்கள் பிறக்கின்றன. கைப்பேசியில் வரும் ஒரு பொய்ப்படம் ஒருவரின் நற்பெயரையோ ஊரின் அமைதியையோ குலைக்கக்கூடிய இக்காலத்தில், இவ்வறிவு தொழிலறிவு மட்டுமன்று, வாழ்வறிவுமாகும்.

7. இணையவழிக் கல்வியின் எல்லைகள்

இப்பாடத்திட்டங்களின் சிறப்பைக் கூறுமளவில், அவற்றின் எல்லைகளையும் கூறுதல் கடனாகும்.

முதலாவது, ஆசிரியரின் இன்றியமையாமை. ரொட்டித் துண்டுப் பயிற்சியின் உயிர் ஆசிரியரின் வினாவில் உள்ளது. அவ்வினா இல்லையேல், மாணவர் பொத்தானை அழுத்தி அடுத்த பக்கத்திற்குச் செல்வர். சான்றிதழ் கிடைக்கும், தெளிவு கிடைக்காது. மேற்கூறிய பயிலரங்கு நேரலையாக நடைபெற்றது என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, கருவியும் இணைய இணைப்பும் எல்லா இல்லங்களிலும் ஒருபடித்தாக இல்லாமை. இக்குறைக்கு ஒரு மாற்றும் உண்டு. படிமுறை எழுதுதல், கட்டம் வரைதல், பொருள்களை வகைப்படுத்தும் வினாமரம் அமைத்தல் போன்றவற்றைத் தாளும் எழுதுகோலும் கொண்டே நடத்தலாம்.

மூன்றாவது, சிறுவர் பற்றிய செய்திகளின் பாதுகாப்பு. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், பதின்மூன்று வயதிற்குட்பட்டோரின் தனிச்செய்திகளை இணையவழித் திரட்டுவதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கின்றது. யுனெஸ்கோ நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியும், புதியன உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தனித்துப் பயன்படுத்துவதற்குப் பதின்மூன்று வயதேனும் ஆதல் வேண்டும் என்னும் வரம்பை வற்புறுத்துகின்றது. ஆகவே இடைநிலை மாணவர்க்கு எக்கருவியைத் தருவது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் கூடி முடிவு செய்தல் வேண்டும்.

8. தமிழ் வகுப்பறையில் ஒரு பயிற்சி

நம் நாட்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019–20 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பிற்குச் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக்கியது. பின்னர் ஆறாம் வகுப்பு முதற்கொண்டு சிறு திறன்பாடமாகவும் அதனை அமைத்தது. எனினும் இப்பொறுப்பு கணினி ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. தமிழாசிரியரும் இதில் பங்குகொள்ள வழியுண்டு.

வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களை மாணவர் சிலர் ஒலிக்க, அவ்வொலிகளால் முன்னர்க் கூறிய இணையவழிக் கருவியைப் பயிற்றுக. பின்னர் வேறு வட்டாரத்து மாணவர் ஒருவரை ‘வழி’ என்று சொல்லச் செய்க. அவர் இல்லத்து வழக்கில் ழகரம் ளகரமாக ஒலிக்குமாயின், இயந்திரம் அதனை ‘வளி’ என்று கொள்ளலாம். இப்போது மாணவரிடம் வினவுக: தவறியவர் யார்? சொன்னவரா, இயந்திரமா, எடுத்துக்காட்டுகளைத் திரட்டிய நாமா?

இவ்வினாவில் ஒலியியல் உண்டு, வட்டார வழக்காய்வு உண்டு, நீதியும் உண்டு. நாளை ஒரு தேர்விலோ வேலைவாய்ப்பிலோ இயந்திரம் மாணவரின் பேச்சைக் கேட்டு மதிப்பிடுமாயின், எவருடைய தமிழ் அதற்குக் கற்பிக்கப்பெற்றது என்பதே அவர் தகுதியை முடிவு செய்யும். 2017ஆம் ஆண்டில் மொசில்லா நிறுவனம் தொடங்கிய ‘காமன் வாய்ஸ்’ என்னும் திட்டத்தில், மக்கள் தத்தம் குரலைத் தாமே முன்வந்து பதிவுசெய்து வழங்குகின்றனர். அதில் தமிழும் ஒரு மொழியாகும். எல்லா ஊர்த் தமிழும் இத்தகைய தொகுப்புகளில் இடம்பெறுதல் நம் கடமைகளுள் ஒன்றாகின்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. செயற்கை நுண்ணறிவு மனிதர் தரும் எடுத்துக்காட்டுகளால் கற்பது. ஆதலின் அவற்றின் குறையையும் ஏற்பது. இடைநிலை மாணவர்க்கான நல்ல பாடத்திட்டம், இயந்திரம் எங்கே தவறும் என்பதை அவர் தம் கையாலேயே கண்டறியச் செய்வது. அறவியல் அப்பாடத்தின் ஈற்றில் ஒட்டப்பெறுவதன்றி அதன் ஊடும் பாவுமாக அமைதல் வேண்டும். இணையம் பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். வினாவை எழுப்புதல் ஆசிரியர் கடன்.

பத்து முதல் பதினான்கு வரையிலான வயது, கேட்டதை அப்படியே நம்பும் நிலையினின்று ‘ஏன்?’ என்று கேட்கும் நிலைக்கு உள்ளம் நகரும் பருவமாகும். அப்பருவத்தில் விடைகளை மட்டும் எளிதாகத் தரும் கருவி மாணவர் கைக்கு வருமாயின், வினவும் பழக்கம் வேர்கொள்ளாமற் போகலாம். அப்பழக்கத்தைக் காத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் உரிய பொதுப் பொறுப்பாகும். இயந்திரம் கூறும் விடையை ஏற்குமுன் ஒரு கணம் நின்று, ‘இஃது எதனைக் கொண்டு கற்றது?’ என்று கேட்கும் மாணவரை ஒவ்வொரு வகுப்பறையும் உருவாக்குமாயின், இப்புதிய கல்வி தன் பயனை எய்தியதாகும்.